நாலு ஜி இல்லப்பா, பாயிண்ட் நாலு!

ஓய்வு பெற்ற பிறகும் இந்த வாத்தியார் கணக்கை விடவில்லை என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம். செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். விடியும் நேரம், கம்பம் ரோடு. இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒருவன் கையை இறக்கியதும் சீறிப் பாய்கின்றன. அதில் ஒன்றை ஓட்டுவது இவன்தான். "டிராக் ரேஸ் தாத்தா! எடுத்த எடுப்புல நாலு ஜி இழுத்துச்சு" என்றான்.

நான் திட்டவில்லை. பேப்பரையும் பேனாவையும் எடுத்தேன். "அறுபதைத் தொட எத்தனை வினாடிப்பா?" "நாலு தாத்தா." மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். நாலால் வகுத்தால் முடுக்கம் 4.2. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.4 ஜி. "நாலு ஜி உன் செல்போன்லதான் இருக்கு. பைக்ல பாயிண்ட் நாலுதான்" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது.

என் பழைய மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் போகும்போது ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்வேன். பஸ் கிளம்பும்போது சாவி பின்னால் சாயும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான் எத்தனை ஜி என்பது. 0.4 ஜிக்கு 22 டிகிரி சாயும். 1 ஜிக்கு 45 டிகிரி. சாதாரண பைக்கில் எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் ஒரு ஜியைத் தாண்டுவது கஷ்டம். ஒன்று டயர் வழுக்கும், இல்லையென்றால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பந்தய பைக்குகளை நீளமாகவும் தாழ்வாகவும் செய்வது அதனால்தான்.

நிஜமாகவே நாலு ஜி இழுப்பவை அமெரிக்காவின் டாப் ஃப்யூல் கார்கள். 1000 அடியை, அதாவது 305 மீட்டரை, 3.7 வினாடி வாக்கில் கடக்கும். முடிக்கும்போது வேகம் மணிக்கு 530 கிலோமீட்டருக்கு மேல். அதே வகுத்தலைப் போட்டால் சராசரி 4 ஜி வரும். முன்பு இந்தப் பந்தயம் கால் மைல், அதாவது 402 மீட்டர். 2008 ஜூனில் ஸ்காட் கலிட்டா என்ற வீரர், இன்ஜின் வெடித்து, காரை நிறுத்த முடியாமல் ஓடுபாதையின் கோடியில் மோதி இறந்தார். அடுத்த மாதமே தூரத்தை 1000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். ஓடுவதற்கான தூரத்தை வெட்டி, நிற்பதற்கான தூரத்தைக் கூட்டினார்கள். நாலு ஜி பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆபத்து கிளம்புவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது என்று.

இந்தக் கணக்கைத்தான் பேரனுக்கு அடுத்ததாகப் போட்டுக் காட்டினேன். 60 கிலோமீட்டர் வேகம் என்பது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். நம்ம ஊர்த் தென்னைமரத்தின் உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் எத்தனை ஜி என்று வரும். புளியமரத்தில் மோதி உடம்பு அரை மீட்டருக்குள் நின்றால் 28 ஜி. தலை மட்டும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தார் ரோட்டில் விழுந்து அரை சென்டிமீட்டரில் நின்றால் 300 ஜி. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதுவே 60 ஜி. அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் உயிர்.

1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1017 கிலோமீட்டர் வேகத்தில் போய், 1.4 வினாடியில் நின்றார். 46 ஜி. உடம்பு முழுவதும் பட்டை போட்டு இறுக்கியிருந்ததால் பிழைத்தார். அதன் பிறகு கார்களில் சீட் பெல்ட் வேண்டும் என்று வாதாடியவர் அவர். நம் பையன்களோ டி-ஷர்ட்டும் செருப்புமாகப் போகிறார்கள்.

"காலைல ரோடு காலியா இருக்கும் தாத்தா" என்றான். அந்த நேரத்தில்தான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளாவுக்குப் போகின்றன. நம்ம வீட்டுப் பெண்கள் அதில் இருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன், இயக்கச் சமன்பாடுகளில் ஒரு மார்க்கூடக் குறையாதவன், இதே மாதிரி ஒரு பந்தயத்தில் போய்விட்டான். வேகம் கூடுவதற்கு நூறு கணக்குப் போட வைத்தேன். மரத்தில் மோதி நிற்பதற்கு ஒரு கணக்குகூடக் கொடுக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

ஆகவே என் கருத்து இதுதான். பையன்களுக்கு வேகத்தின் மேல் இருக்கும் ஆசையைத் திட்டி அடக்க முடியாது. ஆசை இருப்பவனுக்குச் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தளம் இருக்கிறது. தேசிய அளவில் பைக் டிராக் பந்தயமே அங்கு நடக்கிறது. குறுக்கே ஆடு மாடு வராது, நிற்க இடம் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 199ஏ பிரிவில் பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். ஆனால் சட்டத்தைக் காட்டுவதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள்.

பேரன் அந்தப் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். வீடியோவை அழித்தானா என்று நான் கேட்கவில்லை. இன்று காலை போன் பண்ணி, "தாத்தா, ஹெல்மெட் எவ்வளவு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்?" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

வாத்தியாராக இருக்கும் என் மாணவர்கள் நாளைக்கே வகுப்பில் இந்த இரண்டாவது கணக்கைப் போடுங்கள். மற்றவர்கள் வீட்டில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
பழனிசெட்டிபட்டி.