மீட்டர் சொன்ன நிஜம்

நாஞ்சில் நாட்டுக் கடலோரத்துப் புத்தளம் உப்பளங்களை நேயர்கள் சிலர் பார்த்திருக்கலாம். சென்ற வருஷம் சித்திரை வெயிலில், பழைய பிலிம் காமிராவும் கையுமாக அங்கே போனேன். உடன் வந்த என் தாயாரை வெள்ளைப் புடவையோடு உப்புக் குவியலின் அருகே நிறுத்தி, மீட்டர் காட்டிய அளவை அப்படியே வைத்துப் படமெடுத்தேன். கழுவி வந்த படத்தில் உப்பு சாம்பலாகியிருந்தது. முகம் ஒரே இருட்டு.

"என் முகம் எங்கே மக்கா?" என்று கேட்டார் தாயார்.

மீட்டர் பொய் சொல்கிறது என்று அதன் தலையில் பழியைப் போட்டேன். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மீட்டருக்கு உப்பும் தெரியாது, அம்மாவும் தெரியாது. எதிரில் இருப்பது எதுவானாலும், விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணிக்கொள்ளும். உப்பைக் காட்டினால் ஒளியைக் குறைக்கச் சொல்லும். சுசீந்திரத்துக் கருங்கல் தூணைக் காட்டினால் கூட்டச் சொல்லும். ஆகையால் உப்புக்கு, அது சொன்னதற்குமேல் ஒன்றரை அல்லது இரண்டு 'ஸ்டாப்' கூட்ட வேண்டும். கருங்கல்லுக்கு ஒன்று குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும். இதைவிடச் சுலபம், அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டிவிடுவது.

1941 நவம்பர் 1 அன்று, அமெரிக்காவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் சந்திரன் நிற்பதைக் கண்டார் ஆன்ஸல் ஆடம்ஸ். அஸ்தமன வெளிச்சம் மறைந்துகொண்டிருந்தது. அவசரத்தில் மீட்டர் அகப்படவில்லை. ஆனால் சந்திரனின் பிரகாசம் எவ்வளவு என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். மனக்கணக்காகவே அளவை வைத்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. கருவி எதை அளக்கிறது என்று அறிந்தவனுக்கே அதை நம்பவும் தெரியும். அது இல்லாமல் சமாளிக்கவும் தெரியும்.

என் தாயாருக்கு இப்போது உப்பளம் வரை நடக்கத் தெம்பில்லை. சென்ற ஞாயிறன்று திண்ணையில் உட்காரவைத்து, அவருடைய உள்ளங்கையையே அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தேன். நெற்றிச் சுருக்கங்கள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"முகம் இருக்கு மக்கா, உப்பு எங்கே?" என்றார்.