சேமிக்கப்பட்டது என்றது, சேமிக்கவில்லை!

தூத்துக்குடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்கு 2019-ல் கடன் கணக்கு எழுத ஒரு புரோகிராம் செய்து கொடுத்தேன். மொழி பெர்ல், திரைக்கு பெர்ல்/டிகே, டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். பெயரையும் தொகையையும் டைப் செய்து 'சேமி' பட்டனைக் கிளிக் செய்தால் 'சேமிக்கப்பட்டது' என்று வரும். பெரியப்பா நோட்டை மூடி வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து டி'குரூஸ் என்ற வாடிக்கையாளர் கணக்கு முடிக்க வந்தார். திரையில் அவர் பெயரே இல்லை. "ஏல, ஒன்ன நம்பித்தானல நோட்ட மூடுனேன்" என்றார் பெரியப்பா. நல்லவேளை, வந்தவரே தன் வீட்டுச் சீட்டைப் பார்த்து 3,400 ரூபாய் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

காரணம், அந்தப் பெயரின் நடுவில் வரும் ஒற்றை மேற்கோள் குறி. எஸ்க்யூஎல் கட்டளையில் ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அதே குறிதான். பெயர் பாதியில் முடிந்துவிட்டதாக நினைத்து டேட்டாபேஸ் கட்டளையை ஏற்க மறுத்துவிட்டது. பெர்லின் டிபிஐ மாட்யூல் பிழையைச் சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்தச் செய்தி கறுப்பு கன்சோல் விண்டோவுக்குப் போகும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அதை நான்தான் வரவிடாமல் செய்திருந்தேன். கட்டளை நிறைவேறியதா என்று சோதிக்காமல் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டியதும் நான்தான்.

பிறகு, பெயரைக் கட்டளைக்குள் ஒட்டாமல், அங்கே கேள்விக்குறி இட்டுத் தனியாக அனுப்பினேன். டிபிஐ-யில் ரெய்ஸ்எர்ரரை 1 ஆக்கினேன். அது மட்டும் போதாது. பட்டனுக்குரிய பகுதியில் பிழை வந்தால் டிகே அதையும் கன்சோலுக்கே அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். எனவே ஈவல் போட்டுப் பிழையைப் பிடித்து, மெசேஜ்பாக்ஸில் காட்ட வேண்டும்.

பிழைச்செய்தி வந்தால் பயன்படுத்துபவர் பயந்துவிடுவார் என்று என் நண்பர்கள் சிலர் வாதாடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பயமுறுத்துவது புரியாத ஆங்கில வரிகள்தான். அவற்றை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, திரையில் 'இந்தக் கணக்கு சேமிக்கப்படவில்லை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்' என்று தமிழில் சொன்னால் யார் பயப்படுவார்கள்?

உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ யாராவது புரோகிராம் எழுதித் தந்தால், பணம் கொடுக்கும் முன் இப்படி ஒரு பெயரை டைப் செய்யுங்கள். 'சேமிக்கப்பட்டது' என்று வந்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். புரோகிராமை மூடித் திறந்து, அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.