உம்மாவுக்கு ஆளுயர ஸ்பீக்கரா?



பூநகரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் காலம் கழித்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பம். கட்டாரில் வேலை செய்யும் தம்பி பணம் அனுப்பியிருக்கிறார். "உம்மாவுக்கு டீவியில் பேசுவது விளங்குவதில்லை. ஹோம் தியேட்டருக்கு வைக்கிற ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வாங்குங்கள்" என்கிறாராம். "நீங்கள் சொன்னால்தான் வாங்குவேன்" என்று கடிதத்தை முடித்துப் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார்!

சகோதரியே, உங்கள் பகுதியின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பெட்டரிக்கும் தடை. சனங்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சூழ்ந்திருப்பார்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அவ்வளவுதான்! இன்று கடையில் அட்டைப் பெட்டியில் 2000, 3000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் போடும் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ஸ்பீக்கரின் உணர்திறன் எத்தனை டெசிபெல் என்று கேளுங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 50 வாட்டிலேயே வந்துவிடும். ஓம் அளவும் ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்த வேண்டும். வீட்டுக்கு 8 ஓம் என்றால் பயமில்லை.

ஆளுயர ஸ்பீக்கர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பெட்டி பெரிது, உள்ளே கூம்புகள் அதிகம். அதனால் தாழ்ந்த ஒலி நன்றாக இறங்கி வரும். பெரிய மண்டபம் போன்ற அறைக்கு அழகுதான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், சுவர் மூலையில் ஒட்டி நிறுத்தினால் என்ன ஆகும்? 'டும் டும்' என்ற முழக்கம் பேச்சை விழுங்கிவிடும். உம்மாவின் குறையே பேச்சு விளங்காததுதானே!

வயதாகும்போது பொதுவாக முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் சக்தி. 'ச', 'த', 'ப' போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. தாழ்ந்த ஒலியை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் குறை தீராது. தம்பியின் அன்பு பெரிது. ஆனால் பணம் வேறு பக்கம் போகவேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

ஹோம் தியேட்டர் முறையில் படங்களின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். டீவிக்குக் கீழே வைக்கும் அந்த நீளப் பெட்டி நல்லதாக இருக்கட்டும். இரு பக்கத்துக்கும் மேசைமேல் வைக்கும் சிறிய பெட்டிகள் போதும். இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாதது. மெல்லிய ஒலி தரும் சிறிய கூம்பு, ட்வீட்டர், கேட்பவரின் காது மட்டத்தில் இருக்கவேண்டும். ஆளுயரப் பெட்டிகளில் அது சுமார் மூன்றடி உயரத்தில், நாற்காலியில் இருப்பவருக்கென்று வைக்கப்பட்டிருக்கும். உங்கள் உம்மா பாயில் அமர்ந்துதானே பார்ப்பார்? அவர் காது இரண்டரை அடிக்கும் கீழே. கூர்மையான ஒலியில் கொஞ்சம் தலைக்கு மேலாகவே போய்விடும்! சிறிய பெட்டியென்றால் வேண்டிய உயரத்தில் வைக்கலாம்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள் என்றால், உயர்ந்து மெலிந்த பெட்டி சரிந்து விழும் ஆபத்தும் உண்டு. சுவரோடு பிணைக்காமல் வைக்கவே கூடாது. பிள்ளைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபெலுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு 80. பூநகரி கடலோரம், உப்புக் காற்று. வயர் நுனி பச்சை பிடித்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிச் செருகுங்கள்.

ஒன்றும் வாங்குமுன் உம்மாவின் காதைச் சோதித்துவிடுங்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம் பக்கமாகிவிட்டது. போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். வெறும் காதுக் குடுமி அடைப்பாகவும் இருக்கலாம். கேட்கும் கருவி தேவைப்பட்டால் தம்பியின் பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான்.

அதன்பின் கடைக்குப் போகும்போது உம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். செய்தி வாசிக்கும் ஒரு பெண் குரலை, மெதுவான சத்தத்தில் போடச் சொல்லுங்கள். வாசித்ததை உம்மா திருப்பிச் சொல்லட்டும். எந்தப் பெட்டியில் சரியாகச் சொன்னார் என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.