இழுபட்ட படமும் பயன்படும்

பள்ளி விளையாட்டு விழாப் படங்கள் தெளிவின்றி அமைந்தால், நல்ல காமிரா இல்லாமையே காரணம் என்று கூறிவிடுகிறோம். இக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. காமிராவுக்கு முன்னர் வேண்டப்படுவது இயக்கத்தைப் பற்றிய கணக்கு.

100 மீட்டரைப் பத்து விநாடியில் கடக்கும் வீரர், ஷட்டர் 1/100 விநாடி திறந்திருக்கையில் 10 செ.மீ. நகர்ந்துவிடுகிறார், 1/1000 விநாடியாயின் 1 செ.மீ. மட்டுமே. ஆயின், புகும் ஒளியும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. நண்பகல் வெயிலில் இது குறையன்று. மாலையில் நடைபெறும் இறுதிப் போட்டிகளிலோ படம் இருண்டுவிடும்.

உயரத் தாண்டுதலுக்கு இத்துணை விரைவும் வேண்டியதில்லை. உச்சியில் மேல்நோக்கிய வேகம் பூச்சியமாகிறது. அடுத்த 1/10 விநாடியில் வீரர் இறங்குவது ஏறத்தாழ 5 செ.மீ. தான். பௌதிக ஆசிரியர் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் சூத்திரமே இது! ஆனால், உச்சியைக் கண்ணால் கண்டபின் விரலை அழுத்துவோருக்கு ஏறக்குறைய 1/5 விநாடி தாமதமாகும். அதற்குள் வீரர் 20 செ.மீ. இறங்கியிருப்பார். ஆகவே, அவர் எழும்பும்போதே அழுத்துதல் வேண்டும். இப்பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இயக்கத்தை ‘உறையவைத்தல்’ என்று மொழிபெயர்ப்பார் பலர். ‘நிறுத்திப் பிடித்தல்’ என்பதே என் செவிக்கு இசைகிறது. அதன் மதிப்பை நான் குறைத்துரைக்கவில்லை. 1878-இல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பார் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையே குறுக்கேயிருந்த நூல்களை அறுத்து ஷட்டர்களை இயக்குமாறு செய்தார். நான்கு கால்களும் தரையினின்று நீங்கும் கணத்தில், ஓவியர்கள் வரைந்தவாறு அவை முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழ் மடங்கியிருந்தன.

எனினும், நிறுத்திப் பிடித்த ஒற்றைப் படம் வேகத்தைச் சொல்லாது. இழுபட்ட படம் சொல்லும். 7 செ.மீ. குறுக்களவுள்ள கிரிக்கெட் பந்து, 1/100 விநாடிப் படத்தில் 27 செ.மீ. நீளக் கோடாகத் தோன்றுமாயின், அது நகர்ந்த தூரம் 20 செ.மீ.; வேகம் விநாடிக்கு 20 மீட்டர். கோட்டின் அகலமே பந்தின் குறுக்களவாதலால், அளவுகோலும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஷட்டர் நேரத்தைக் கைப்பேசிகள் பெரும்பாலும் படத்துடனேயே பதிந்து வைக்கின்றன. இத்தகைய படங்களைக் ‘கெட்டவை’ என்று அழித்துவிடும் ஆசிரியர்கள், ஒரு செய்முறைப் பாடத்தையே இழக்கின்றனர் என்பேன். பந்து காமிராவுக்குக் குறுக்கே செல்ல வேண்டும். நம்மை நோக்கி வரும் பந்துக்கு இக்கணக்கு பொருந்தாது.