கூத்துக்கும் ஒரு தீர்மானம்



அக்டோபர் 2 அன்று ஊர் ஊராகக் கிராம சபை கூடும். சாலை, தெருவிளக்கு, குடிநீர், பட்டா என்று வழக்கமான கோரிக்கைகள் எழும், எழத்தான் வேண்டும். அந்த வரிசையில் இந்த முறை ஊர்க் கலைகளுக்காகவும் நீங்கள் எழுந்து பேச வேண்டும்.

தொகுதி நிதியில் கட்டிய கலையரங்கம் நம் ஊர்கள் பலவற்றில் உண்டு. நிதி தந்தவரின் பெயரும் ஆண்டும் நெற்றியில் பளிச்சென்று தெரியும். மற்ற நாளில் அங்கே நெல் காயும், மழைக்கு ஆடு ஒதுங்கும். கூத்தோ கரகாட்டமோ நடக்கிற இரவில்தான் குறை வெளிப்படும். வேஷம் கட்ட அறை இருக்காது. பக்கத்தில் கழிப்பறை இருக்காது. ஆட வந்த பெண்கள் வேனுக்குள் சேலையைத் திரையாகக் கட்டி உடை மாற்றுவார்கள். மேடை கேட்டபோது, அதில் ஏறப்போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாம் யோசிக்கவில்லை.

“தண்ணிக்கே வழியைக் காணோம், இதுல கூத்து ஒரு கேடா?” என்று சபையில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு வகுத்த விதிப்படி, ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதில் யாரும் கைவைக்க முடியாதிருந்தது. மீதி 40 சதவீதத்தை, சம்பளம், அலுவலகச் செலவு நீங்கலாக, ஊரின் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 துறைகளைச் சொல்கிறது. குடிநீர் அதில் 11-வது, நூலகம் 20-வது, பண்பாட்டு நடவடிக்கைகள் 21-வது. ஆக, சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம்.

ஊர்ப் பணத்தில் கலை வளர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. தலைக்கட்டு வரி போட்டுத்தானே திருவிழாக் கூத்துக்கு அச்சாரம் கொடுத்தோம்? ஆனால் அந்த வரி எல்லார் வீட்டிலும் வாங்கப்பட்டதில்லை. காலனியில் வரி வாங்காத ஊர்களில், கூத்தும் காலனிப் பக்கம் போகவில்லை. பறையடித்த கலைஞருக்கே பந்தலில் இடம் இல்லாமல் போனது. ஊராட்சிப் பணத்தில் நடக்கும் நிகழ்ச்சியில் அப்படி ஒதுக்க முடியாது. எல்லாரும் வந்து உட்காரக்கூடிய இடத்தில்தான் நடத்தியாக வேண்டும். பொதுப் பணம் கேட்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே முதல் காரணம்.

கேட்பதைக் கச்சிதமாகக் கேளுங்கள். “கலையை வளர்க்க வேண்டும்” என்றால் கைதட்டு கிடைக்கும், காசு கிடைக்காது. கலையரங்கத்தை ஒட்டி ஓர் அறையும் கழிப்பறையும், அல்லது ஆண்டுக்கு ஒரு நாள் நம் வட்டாரத்துச் செட்டுக்கு ஒரு நிகழ்ச்சி என்று எழுதுங்கள். வேன் வாடகை உட்பட எவ்வளவு ஆகும் என்று கலைஞர்களிடமே விசாரித்துத் தொகையைக் குறிப்பிடுங்கள். எந்த நிதியில் செய்ய முடியும் என்பதை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சபையைக் கவனிக்க வரும் பற்றாளர் முன்னிலையில் மனுவைக் கொடுத்து, தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் பேசப்படும் சமயம் என்பதால் அக்டோபர்க் கூட்டமே இதற்கு ஏற்றது. தவறினால் நவம்பர் 1 இருக்கிறது.

நகரத்து வாசகர்களுக்கும் வேலை உண்டு. நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையிலும் பண்பாட்டுக்கு இடம் இருக்கிறது. உங்கள் வார்டின் பகுதி சபையில் இதே மனுவைக் கொடுக்கலாம்.

தீர்மானம் நிறைவேறினால் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம். மறுத்தாலும் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்த சபைக்குப் போகிறவருக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்