சார்பை மறைத்தல் தகுமா? – சாதனச் செலுத்திகளும் கருவின் பொறுப்பும்

கணனியின் பணிசெயல் முறைமையைப் பற்றிப் பேசுவோர் அதன் மையமாகிய கருவைத் தன்னிறைவு பெற்ற ஒன்றாகக் கருதுவது வழக்கம். உண்மை வேறு. விசைப்பலகை, வன்தட்டு, வலையமைப்பு அட்டை ஆகியவற்றைக் கரு தத்தமக்குரிய சாதனச் செலுத்திகளினூடாகவே ஆளுகின்றது. அச்செலுத்திகளோ ஒன்றையொன்று சார்ந்தவை. அச்சார்பு எவ்வாறு கையாளப்படுகின்றது என்பதிலேயே முறைமையின் நம்பகத்தன்மை பெரிதும் தங்கியுள்ளது.

செலுத்திகளைத் தேவைப்படும்போது ஏற்றும் வசதி வந்தபின் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்பர் ஒரு சாரார். லினக்ஸ் முறைமையை அவர்கள் சான்று காட்டுவர். அங்கு டெப்மொட் என்னும் நிரல், ஒவ்வொரு செலுத்திக் கூறும் எப்பெயர்களை வழங்குகின்றது, எவற்றை வேண்டுகின்றது என ஆராய்ந்து பட்டியலொன்றை ஆக்கிவைக்கின்றது. மொட்புறோப் என்னும் நிரல் அப்பட்டியலின்படி முன்னர் வேண்டியவற்றை முன்னர் ஏற்றுகின்றது. யூ.எஸ்.பி. சேமிப்புக் கருவியின் செலுத்தி, தான் சார்ந்திருக்கும் ஸ்கசி அடுக்கு ஏறிய பின்னரே ஏறும். பிறிதொன்றுக்குப் பயன்படும் கூற்றை அகற்றவும் கரு வழமையாக இடந்தராது.

இவை பாராட்டத்தக்கனவே. ஆயின் இங்கு தீர்க்கப்பட்டது பெயர்ச் சார்பு மட்டுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கருவிக்கு மின்னழுத்தச் சீராக்கியும் கடிகாரத் துடிப்பும் வேண்டும். இச்சார்பு பெயர்ப் பட்டியலில் முழுமையாக வெளிப்படுவதில்லை. 2012இல் லினக்ஸ் கண்ட வழி யாது? வேண்டியது இன்னும் ஆயத்தமாகாதவிடத்துச் செலுத்தி தன் தொடக்கத்தை ஒத்திவைக்கும். வேறொரு செலுத்தி வெற்றியுடன் தன் சாதனத்தோடு இணைந்ததும் கரு அதனை மீண்டும் முயன்று பார்க்கும். கதவு திறக்கும்வரை தட்டிக்கொண்டிருப்பதை ஒழுங்கு என்று கூறவியலுமா? சாதனங்களின் தொடர்புகளை விபரிக்கும் சாதன மரத்திலிருந்தே சார்புகளை முன்கூட்டி அறியும் முறை பின்னரே வந்தது. அறிவிக்கப்பட்ட சார்பே ஆளத்தக்க சார்பு என்பதை இது காட்டுகின்றது.

இதனினும் ஆழமானது தரவுச் சார்பு. 2024 ஜூலை 19இல் கிறவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை வீழ்த்தியது. அதன் செலுத்தி முறைப்படி ஒப்பமிடப்பட்டிருந்தது. ஏற்றும் வரிசையிலும் குற்றமில்லை. ஆனால் புதிதாக வந்த தரவுக் கோப்பு 21ஆவது உள்ளீட்டை நாடியது. நிரல் வழங்கியதோ 20 மட்டுமே. எல்லை கடந்து நினைவகத்தைப் படிக்க முயன்ற செலுத்தி கருவையும் உடன்வீழ்த்தியது. கணனி தொடங்கும் வேளையிலேயே ஏறும் செலுத்தியாதலால், மீளத் தொடக்கியும் பல கணனிகள் மீண்டும் வீழ்ந்தன. அவற்றில் அக்கோப்பை ஒவ்வொன்றாகக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. ஒப்பம் ஆக்கியோனை அறிவிக்குமேயன்றி, அவனது ஆக்கம் எதை நம்பி நிற்கின்றது என்பதை அறிவிக்காது.

“வேகத்துக்காக இவ்விடரை ஏற்கத்தான் வேண்டும்” என்பது எதிர்த்தரப்பின் இறுதி அரண். 1992இல் அன்ட்றூ டனன்போமும் லினஸ் தோவால்ட்ஸும் நிகழ்த்திய விவாதத்தின் அடிநாதங்களுள் இதுவும் ஒன்று. வரைகலைக்கும் விரைவு வலையமைப்புக்கும் அவ்வாதம் ஓரளவு பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சுப்பொறிக்கும் விசைப்பலகைக்கும் எவ்வேகம் வேண்டும்? செலுத்திகளில் வழுவீதம் கருவின் ஏனைய பகுதிகளிலும் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுதியாக இருக்கலாம் என லினக்ஸை ஆராய்ந்த ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் 2001இல் காட்டினர். 2005இல் வெளிவந்த மினிக்ஸ் 3, செலுத்திகளைக் கருவுக்கு வெளியே தனிச் செயன்முறைகளாக நிறுத்தி, வீழ்ந்ததை மீள எழுப்பவும் இயலும் என நிறுவியது.

ஆகவே வேண்டுவன இரண்டு. செலுத்தியொன்று தான் சார்ந்திருக்கும் பெயர், சாதனம், தரவு வடிவம் ஆகிய மூன்றையும் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்; கரு அவற்றைச் சரிபார்த்த பின்னரே இடமளித்தல் வேண்டும். வேகம் இன்றியமையாததல்லாத செலுத்தி கருவுக்குள் நுழைதலே ஆகாது. வீட்டுக்குள் எவரை விடுவது என்பதை வீட்டுக்காரனே தீர்மானிக்க வேண்டும். அதனை வருவோனின் நற்சான்றுப் பத்திரத்திடம் விட்டுவிடுதல் பொறுப்பைக் கைகழுவுதலேயாகும்.