நந்தன் மூழ்கிய நெருப்பு

மனிதனை மனிதன் பிறப்பினால் இழிவுபடுத்தும் கொடுமையை இலக்கியம் எவ்வாறு சித்திரிக்கிறது என்று ஆராயப் புகும் நேயர்கள், அதற்காக அயல்நாட்டு நாவல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு முப்பது மைலுக்கும் குறைவான தூரந்தான். அந்த வழியின் இரு முனைகளிலும் பெரியபுராணத்துக் கதைகள் இரண்டு நிற்கின்றன. இரண்டிலும் நெருப்பு வருகிறது. அந்த நெருப்புக்குப் பின் யார் மாறினார் என்று பார்த்தாலே பாதி ஆராய்ச்சி முடிந்துவிடும்.

முதற் கதை கடலூரைச் சார்ந்தது. சைவத்துக்கு மீண்ட திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டான்; ஏழு நாள் கழித்துத் திறந்தபோது அவருக்கு யாதோர் ஊனமும் இல்லை. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினான். அந்தக் கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் அவரைக் கரை சேர்த்தது. முடிவில் மனம் மாறியவன் அரசன். துன்புற்றவர் இருந்தபடியே இருந்தார். (இக்கதை சமணர்கள்மீது எவ்வளவு கரியைப் பூசுகிறது என்பது வேறு வழக்கு, அதையும் ஒரு நாள் விசாரிக்கத்தான் வேண்டும்.)

சிதம்பரத்துக் கதை திருநாளைப்போவாராகிய நந்தனாருடையது. இது ஒரே நாளில் உண்டான கதையன்று. ஆதிசைவ அந்தணர் குலத்திற் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனார், திருத்தொண்டத்தொகையில் அவர் பெயரைச் சொல்லி, அவருக்குத் தாம் அடியவர் என்கிறார். அவ்வளவே. குலமும் இல்லை, ஊரும் இல்லை. பின்னர் வந்த நம்பியாண்டார் நம்பி, ஊர் ஆதனூர் என்கிறார். குலத்தையும் கூறி, அந்த இழிவு நீங்கி அவர் முனிவரானார் என்றும், தில்லை மூவாயிரவர் அவரைக் கைகூப்பினர் என்றும் பாடுகிறார். பிறப்பு ஒரு களங்கம் என்ற எண்ணம் இங்கே புகுந்துவிட்டது. ஆயினும் நெருப்பு இன்னும் மூட்டப்படவில்லை.

அதை மூட்டியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். இதில்தான் எனக்குப் பெரிய வியப்பு. ஏனெனில் ஆதனூர்ச் சேரியை அவர் பார்த்ததுபோல் அதற்கு முன் எந்தப் பெருங்கவி சேரியைப் பார்த்தான்? கரிய இரும்பு வளை அணிந்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைக் கவர்ந்துகொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் அரையிற் கட்டிய மணியின் ஓசையில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அடங்கிப்போகிறது. மருத மர நிழலில் சிறு தோலை விரித்து உழத்தி ஒருத்தி குழந்தையைத் தூங்கவைக்கிறாள். மாமரக் கிளையிலே பறைகள் தொங்குகின்றன. அருவருப்போடு பார்த்த கண்ணுக்கு அந்த மணியோசை கேட்டிராது. சோழப் பேரரசின் அமைச்சர் என்று சொல்லப்படுபவர் இதைப் பாடினார்!

நந்தனாரின் தொண்டு என்ன? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே முழங்கிற்று; அவர் வெளியே நின்றார். இந்த முரண்பாட்டைச் சேக்கிழார் அறியாதவர் அல்லர். தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து ஏங்கிய அந்த அடியவரின் உள்ளத்தை அவர் உருகியே பாடினார். ஆனால் கனவிலே இறைவன் சொன்னது என்ன? எரியில் மூழ்கி உள்ளே வா என்பது. அந்தணர் கனவிலும் இறைவன் தோன்றினான். கதவைத் திறவுங்கள் என்றானா? தீ அமையுங்கள் என்றான். அவர்களும் அச்சத்தோடு வந்து, ஐயரே என்று மரியாதையாகவே விளித்து, தென்திசை மதிற்புறத்தில் தீ அமைத்தனர். நந்தனார் மூழ்கி, பூணூலும் சடையுமாக எழுந்தார். உள்ளே போனவர் பழைய நந்தனாரா? வாயில் காத்தவர்களின் வழக்கத்துக்கு மட்டும் ஒரு சூடும் படவில்லை. சிதம்பரத்தில் ஓமக்குளத்தை அவர் தீயில் மூழ்கிய இடமென்று காட்டுவது வழக்கம்.

பெரியபுராணத்தில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் குறையைத் தீர்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெளிவந்த அவருடைய கீர்த்தனையில், நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். தஞ்சாவூர் ஜில்லாவின் பண்ணைகளைக் கண்ட அந்தணர் ஒருவர் இதைக் கற்பித்தார் என்பதை மறக்கலாகாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கண வழுவையும் மூலத்தோடு மாறுபட்டதையும் கருதிச் சிறப்புப்பாயிரம் தராமல் நாள் கடத்தினார். பாரதியார் திண்ணையிலிருந்து பாடியதைக் கேட்டு மனம் நெகிழ்ந்த பிறகே கொடுத்தார். புலவருக்கு மாறுபாடு குற்றமாகப்பட்டது. எனக்கோ அந்தப் பொய் வேதியர்தான் கதைக்கு மெய்யைக் கொண்டுவந்தவராகத் தோன்றுகிறார். முடிவில் அவரே தம் பண்ணையாளின் காலில் விழுகிறார். ஆனால் பாரதியாரும் நெருப்பை அணைக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1852-ல், அமெரிக்காவில் ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் நீக்ரோ அடிமை டாம் என்பவனின் கதையை நாவலாக வெளியிட்டார். பொறுமையே உருவான டாமுக்காக வெள்ளையர் கண்ணீர் விட்டனர். பிற்காலத்து நீக்ரோ மக்களோ ‘டாம் மாமா’ என்பதை வசைச் சொல்லாக்கினர். அழுதவர்களின் இரக்கம் அவர்களுக்குப் போதவில்லை. நம் நாட்டிலும் 1935-ல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-ல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றிப் பாடியபோது கொட்டகைகள் உருகின. 1934-ல் புதுமைப்பித்தன் எழுதிய ‘புதிய நந்தன்’ என்ற சிறுகதை உருக மறுத்தது. அவருடைய ஆதனூரில் தீக்குழிக்குப் பதிலாக ரயில் வருகிறது. அதில் மாய்பவர்கள் சேரியார் மட்டுமல்லர்.

இதற்கிடையே 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கல்விச்சாலை நிறுவினார். 1947-ல் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் யாரையும் தீயில் இறங்கச் சொல்லவில்லை.

நந்தனார் சரித்திரத்தைச் சிறுவர்களுக்குச் சொல்லும் பெற்றோரும் உபாத்தியாயர்களும் அந்த ஆதனூர்ச் சேரியின் பாட்டுக்களை நிதானமாக வாசித்துக் காட்டுவார்களாக. நாய்க்குட்டிகளைக் குழந்தைகள் மறவா. நெருப்பின் கட்டம் வந்ததும், நம்பியின் பாட்டில் அது இல்லை என்பதையும் சொல்லிவிடலாம்; ஏன் வந்தது என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.